அம்மாவுக்கு மாத்திரை மட்டும் போதுமா? செங்கோட்டை வாசகியின் கேள்விக்குப் புற்றுநோய் மருத்துவரின் பதில்

கேள்வி: எங்கள் ஊர் செங்கோட்டை. என் அம்மாவுக்கு வயது 59. முப்பது வருடமாக வீட்டில் பீடி சுற்றுகிறவர். ஒரு பீடியைக்கூட வாயில் வைத்தவரில்லை. விடாத இருமலுக்குக் காசநோய் என்று சொல்லி இங்கே ஒரு மருத்துவமனையில் மூன்று மாதம் மாத்திரை கொடுத்தார்கள். நெஞ்சில் நீர் கோர்த்துக்கொண்டதும் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போனோம். நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை என்றார்கள். ரிப்போர்ட்டில் அடினோகார்சினோமா, இ.ஜி.எஃப்.ஆர். எக்ஸான் 19 டெலிஷன் பாசிட்டிவ், பி.டி.எல்.1 60 சதவீதம் என்று இருக்கிறது. தினம் ஒரு ஓசிமெர்டினிப் 80 மில்லிகிராம் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். கீமோ இல்லாமல் வெறும் மாத்திரையில் என்ன ஆகும் என்று மாமா கேட்கிறார். குவைத்தில் இருக்கும் தம்பி, இம்யூனோதெரபிதான் புதிது, பி.டி.எல்.1 அதிகம் இருந்தால் நன்றாகக் கேட்கும், தோப்பை விற்றாவது போடுவோம் என்கிறான். மும்பையில் கார்-டி என்ற சிகிச்சை வந்திருப்பதாக வீடியோவும் அனுப்பியிருக்கிறான். அம்மாவிடம் இன்னும் காசநோய் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். நாங்கள் எந்த வழியில் போக வேண்டும்? இந்த நோய் எனக்கும் என் இரண்டு மகள்களுக்கும் வருமா?

பதில்: உங்கள் குழப்பத்துக்கான விடை முதலிலேயே இருக்கட்டும். உங்கள் தாயாருக்கு எழுதித் தரப்பட்டிருக்கும் மாத்திரை, அந்த அறிக்கைக்கு மிகவும் பொருத்தமான முதற்கட்டச் சிகிச்சைகளில் ஒன்று. அதைத் தயக்கமின்றித் தொடருங்கள். மாமா கேட்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லலாம். தம்பி சொல்லும் இரண்டும் உங்கள் தாயாருக்கு இப்போது பொருந்தாதவை. அவற்றில் ஒன்று கெடுதலாகவும் முடியலாம். தோப்பை விற்க வேண்டாம்.

விளக்கத்துக்குப் போகுமுன், இன்றே நீங்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. காசநோய்க்குக் கொடுத்த மாத்திரைகளில் மிச்சம் ஏதேனும் வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தமக்கு இருப்பது காசநோய் என்றே உங்கள் தாயார் நம்பிக்கொண்டிருப்பதால், பழைய மாத்திரையையும் புதிய மாத்திரையையும் அவர் சேர்த்துச் சாப்பிட வாய்ப்பிருக்கிறது. காசநோய் மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்து, கல்லீரல் பிற மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டிவிடும். ஓசிமெர்டினிப்போடு அதைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், இரத்தத்தில் சேரும் ஓசிமெர்டினிப்பின் அளவு முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. விலை உயர்ந்த மாத்திரையை நாள் தவறாமல் விழுங்கியும் பயனில்லாமல் போவதற்கு இதைவிட எளிதான வழி கிடையாது. ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் அந்த வேகம் தணிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், கடைசியாக அதைச் சாப்பிட்ட தேதியைத் திருவனந்தபுரத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். காசநோயும் புற்றுநோயும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பது அரிதல்ல. உண்மையிலேயே காசநோய் உறுதியாகியிருந்தால், எந்த மருந்தை மாற்றுவது, எந்த அளவைக் கூட்டுவது என்பதை இரு துறை மருத்துவர்களும் பேசி முடிவு செய்ய வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது.

தாயாரிடம் நோயின் பெயரை மறைத்து வைப்பதைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. ஆனாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் பாசம் உள்ள எல்லாக் குடும்பங்களும் செய்வதைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். ஆனால் இந்தச் சிகிச்சை ஆஸ்பத்திரிக் கட்டிலில் நடப்பதில்லை, வீட்டில் நடக்கிறது. மாத்திரையை நேரத்துக்கு விழுங்குபவரும், உடலில் முதலில் தெரியும் மாற்றத்தைக் கவனிப்பவரும் அவர்தான். எதற்காக விழுங்குகிறோம் என்று தெரியாதவர், இருமல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவார். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. நெஞ்சில் ஒரு கட்டி இருக்கிறது, அதை அடக்கத்தான் இந்த மாத்திரை, இதை விடக் கூடாது என்ற அளவுக்காவது அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

இனி அறிக்கைக்கு வருவோம். இ.ஜி.எஃப்.ஆர். என்பது உயிரணுவின் மேலுறையை ஊடுருவி நிற்கும் ஒரு புரதம். அதன் வெளிப்பகுதி, வளர்ச்சிக்கான சமிக்ஞையை உடலிலிருந்து பெற்றுக்கொள்ளும். உட்பகுதி அந்தச் சமிக்ஞையை உயிரணுவின் உள்ளே கடத்தும். அந்த உட்பகுதிக்குக் கைனேஸ் என்று பெயர். ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைத் தன்னிடமுள்ள ஒரு குழியில் ஏந்திக்கொண்டு, அதிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிரித்து அடுத்த புரதத்தின் மேல் ஏற்றுவதுதான் அதன் வேலை. சமிக்ஞை வந்தால் வேலை செய்யும், வராவிட்டால் ஓய்ந்திருக்கும். ஏறத்தாழ 1,200 அமினோ அமிலங்களால் ஆன அந்தப் புரதத்தில், பெரும்பாலும் 746-லிருந்து 750 வரையுள்ள ஐந்தே அமினோ அமிலங்கள் விடுபட்டுப் போவதைத்தான் எக்ஸான் 19 டெலிஷன் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சிறு குறை போதும், கைனேஸ் ஓய்வில்லாமல் வேலை செய்ய. உங்கள் பக்கத்துக் குளங்களில் மடைப்பலகை தூக்கிய நிலையிலேயே சிக்கிக்கொண்டால், வயலுக்குத் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்குமல்லவா, அந்த நிலைதான். ஓசிமெர்டினிப் அந்த ஏ.டி.பி. குழிக்குள் போய் அமர்ந்து, 797-ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு விடாத பிணைப்பு ஏற்படுத்திக்கொள்கிறது. ஏ.டி.பி. உள்ளே வர இடமில்லாமல் போகிறது, சமிக்ஞை நிற்கிறது, அதையே நம்பி வாழ்ந்த புற்றணு மடிகிறது.

'அதையே நம்பி வாழ்ந்த' என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தம்பிக்கான பதில் அதில்தான் இருக்கிறது. இந்த வகை மாத்திரைகளில் முதலில் வந்த ஜெஃபிடினிப், ஜப்பானில் 2002-லும் அமெரிக்காவில் 2003-லும் அனுமதி பெற்றது. யாருக்குப் பயன்படும் என்று அப்போது தெரியாததால் எல்லா வகை நோயாளிகளுக்கும் கொடுத்தார்கள். பெரும்பாலோருக்குக் கட்டி அசையவில்லை. ஒரு சிலருக்கு மட்டும் சில வாரங்களிலேயே வியக்கத்தக்க வகையில் கரைந்தது. அந்தச் சிலரில் புகைபிடிக்காதவர்களும், பெண்களும், ஆசிய நாட்டவரும் அதிகமாக இருந்தார்கள். காரணம் 2004-இல் தெரிந்தது: கட்டி கரைந்தவர்களின் புற்றணுக்களில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் பிறழ்வு, அதாவது எக்ஸான் 19 டெலிஷன் போன்ற மாற்றம், இருந்தது. கிழக்காசிய நாடுகளில் நடந்து 2009-இல் வெளியான ஐபாஸ் என்ற பெரிய ஆய்வு அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி உறுதி செய்தது. பிறழ்வு உள்ளவர்களில், ஜெஃபிடினிப் சாப்பிட்டவர்களுக்கு நோய் மீண்டும் வளரத் தொடங்க இடைநிலையாக 9.5 மாதங்களும், கீமோ பெற்றவர்களுக்கு 6.3 மாதங்களும் ஆயின. பிறழ்வு இல்லாதவர்களில் நிலைமை தலைகீழாக இருந்தது, மாத்திரைக்கு 1.5 மாதம், கீமோவுக்கு 5.5 மாதம். ஒரே மாத்திரை ஒருவருக்கு கீமோவைவிட மேலாகவும், இன்னொருவருக்கு அதைவிட மிகவும் தாழ்வாகவும் இருக்கிறது. வேறுபாடு மருந்தில் இல்லை, கட்டியில் இருக்கிறது. புதியது எது, விலை கூடியது எது என்ற கேள்விகளை விட்டுவிட்டு, இந்தக் கட்டி எதை நம்பி வாழ்கிறது என்று கேட்பதுதான் இன்றைய புற்றுநோய் மருத்துவம். இந்தியாவில் அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்றுநோய் வகை உள்ள நோயாளிகளில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரையானவர்களிடம் இந்தப் பிறழ்வு காணப்படுகிறது. உங்கள் தாயாருக்கு அது இருப்பதும், அதைச் சோதனை செய்து பார்த்திருப்பதும், இந்த நிலைமையிலும் நல்ல செய்திதான்.

ஓசிமெர்டினிப் இந்த வரிசையில் மூன்றாம் தலைமுறை மாத்திரை. பழைய மாத்திரைகளான ஜெஃபிடினிப், எர்லோடினிப் ஆகியவற்றோடு அதை ஒப்பிட்ட ஃப்ளோரா என்ற ஆய்வில், நோய் மீண்டும் வளரும் வரையான காலம் 10.2 மாதத்திலிருந்து 18.9 மாதமாகவும், உயிர்வாழும் காலம் 31.8 மாதத்திலிருந்து 38.6 மாதமாகவும் கூடியது. இவை இடைநிலை எண்கள்; பாதிப் பேர் இதைவிடக் குறைவாகவும் பாதிப் பேர் இதைவிட அதிகமாகவும் இருந்தார்கள் என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். உங்கள் தாயாருக்கு யாரோ கொடுத்த கெடுவாக இதை எண்ணிவிடாதீர்கள். அதே சமயம் ஒன்றை மறைப்பதும் தவறு: நான்காம் நிலையில் இந்த மாத்திரை நோயை அடக்கி வைக்கும், வேரோடு நீக்கிவிடுவதில்லை. மூளைக்குள்ளும் ஓரளவு நன்றாகச் சென்று சேரும் என்பது இந்த மருந்தின் இன்னொரு பலம். இந்த வகை நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவும் இயல்புடையது என்பதால், மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை.

மாமாவின் கேள்வி பழைய காலத்து எண்ணம் போலத் தோன்றினாலும், அண்மைக்கால ஆய்வுகள் அந்தத் திசையில்தான் திரும்பியிருக்கின்றன. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 350 நோயாளிகளை வைத்து நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஜெஃபிடினிப் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 8 மாதங்கள் அடங்கியிருந்த நோய், அதோடு பெமெட்ரெக்ஸெட், கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்துகளும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 16 மாதங்கள் அடங்கியிருந்தது. பின்னர் பன்னாட்டு அளவில் நடந்த ஃப்ளோரா-2 ஆய்வில், ஓசிமெர்டினிப்போடு கீமோவைச் சேர்த்தவர்களுக்கும் அது போலவே நோய் கட்டுப்பட்ட காலம் 16.7 மாதத்திலிருந்து 25.5 மாதமாக நீண்டது. உயிர்வாழும் காலமும் கூடியது. அப்படியானால் உங்கள் மருத்துவர் ஏன் கீமோ எழுதவில்லை? கீமோ சேர்த்தால் இரத்த அணுக்கள் குறைவது, வாந்தி, களைப்பு, தொற்று ஆகியவையும் சேர்ந்து வரும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மலைப்பாதையில் ஆரியங்காவு, தென்மலை வழியே திருவனந்தபுரம் போய்வர வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையும் பி12 ஊசியும் உடன் எடுக்க வேண்டும். நெஞ்சில் நீர் கோர்த்து உடல் நலிந்து வந்த ஒருவருக்கு முதலில் மாத்திரையைக் கொடுத்து நிமிரச் செய்வது பொறுப்பான முடிவுதான். நோய் பல இடங்களில் பரவியிருந்தாலோ, மூளையில் இருந்தாலோ, உடல் தாங்கும் என்று தோன்றினாலோ கீமோவைச் சேர்ப்பதன் பக்கம் எடை கூடும். அடுத்த முறை போகும்போது மாமாவையும் அழைத்துச் சென்று, 'மாத்திரையோடு கீமோ சேர்ப்பது அம்மாவுக்குப் பொருந்துமா?' என்று நேராகவே கேளுங்கள். எந்த நல்ல மருத்துவரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தம்பி சொல்லும் இம்யூனோதெரபியை இனிப் பார்ப்போம். நம் உடலின் நோயெதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான டி அணுக்களுக்குப் புற்றணுக்களைத் தாக்கும் வலிமை உண்டு; ஆனால் பல புற்றணுக்கள் பி.டி.எல்.1 என்ற புரதத்தைத் தம் மேல் ஏந்திக்கொண்டு, டி அணுக்களை அடங்கிப்போகச் செய்துவிடுகின்றன. அந்தத் தடையை ஊசி மருந்தால் நீக்குவதுதான் இந்தச் சிகிச்சை. இதற்கு வழிவகுத்த ஆய்வுகளுக்காக ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. நுரையீரல் புற்றுநோயாளிகள் பலர் இதனால் ஆண்டுக்கணக்கில் நலமாக இருக்கிறார்கள் என்பதும், பி.டி.எல்.1 ஐம்பது சதவீதத்துக்கு மேல் இருந்தால் இது நன்கு வேலை செய்யும் என்பதும் உண்மையே. தம்பி படித்தது பொய்யல்ல. ஆனால் அந்த விதி, இ.ஜி.எஃப்.ஆர். போன்ற பிறழ்வுகள் இல்லாதவர்களுக்கானது. புகையால் உண்டான புற்றணுவில் ஆயிரக்கணக்கான மரபணுச் சிதைவுகள் இருக்கும்; அதனால் டி அணுக்கள் அதை அந்நியமாக அடையாளம் காண்பது எளிது. புகைபிடிக்காத ஒருவரிடம் ஒற்றைப் பிறழ்வை நம்பி வளர்ந்த கட்டியில் அத்தகைய அடையாளங்கள் மிகவும் குறைவு. தடையை நீக்கினாலும், டி அணுக்கள் பற்றிக்கொள்ள அங்கே ஒன்றும் இருப்பதில்லை.

உங்கள் தாயாரைப் போன்ற நோயாளிகளை, அதாவது இ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வும் பி.டி.எல்.1 புரதமும் சேர்ந்து இருந்து, ஓசிமெர்டினிப் போன்ற இலக்கு மாத்திரையை இன்னும் தொடங்காதவர்களை, பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி மட்டும் கொடுத்து அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். 25 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட அந்த ஆய்வைப் பதினோரு பேரோடு நிறுத்திவிட்டார்கள். ஒரே ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது. அவருடைய திசுவை மறுபடி சோதித்தபோது, பிறழ்வு இருப்பதாக முன்பு எழுதப்பட்டிருந்த அறிக்கையே தவறு என்று தெரிந்தது. இதைப் படித்த பிறகும் அறுபது சதவீதம் என்ற எண்ணை மட்டும் வைத்து இம்யூனோதெரபி போடச் சொல்ல யாருக்கும் மனம் வராது. இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இம்யூனோதெரபி ஊசியின் தாக்கம் உடலில் பல மாதங்கள் நிற்கும்; அதைப் போட்ட சில மாதங்களுக்குள் ஓசிமெர்டினிப் தொடங்கினால், நுரையீரல் கடுமையாக அழற்சி கண்டு மூச்சுத்திணறல் வரும் ஆபத்து கூடுதல் என்று தெரியவந்திருக்கிறது. ஆகவே 'முதலில் அதைப் போட்டுப் பார்ப்போம், சரிப்படாவிட்டால் மாத்திரைக்கு வருவோம்' என்ற கணக்கு இங்கே செல்லாது. வரிசை மாறினால் கைவசம் இருக்கும் நல்ல மருந்தையும் கெடுத்துக்கொள்வோம். தம்பிக்கு இந்தப் பத்தியை மட்டுமாவது அனுப்பிவையுங்கள்.

கார்-டி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நோயாளியின் டி அணுக்களையே எடுத்து, ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் காணும்படி ஆய்வகத்தில் மரபணு மாற்றம் செய்து, திருப்பி உடலில் ஏற்றும் சிகிச்சை அது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டில் கோடிக்கணக்கில் ஆகும் சிகிச்சையை 40 லட்சம் ரூபாயை ஒட்டிய செலவில் இங்கே சாத்தியமாக்கியிருப்பது பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் அதன் இலக்கு, பி அணுக்கள் என்ற இன்னொரு வகை நோயெதிர்ப்பு அணுக்களின் மேலுள்ள சி.டி.19 என்ற புரதம். பி அணுவில் தோன்றும் சில இரத்தப் புற்றுநோய்களுக்கும் நிணநீர்ப் புற்றுநோய்களுக்கும் மட்டுமே அது பயன்படும். நுரையீரல் கட்டியில் அந்தப் புரதம் கிடையாது. திடக்கட்டிகளுக்கு இதே முறையைக் கொண்டுவரும் முயற்சிகள் நடக்கின்றன; கட்டியில் இருந்து நல்ல உறுப்புகளில் இல்லாத புரதம் ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே பெரிய சிக்கல்.

புதிய சிகிச்சைகளைப் பற்றித் தம்பிக்கு ஆர்வம் இருப்பது நல்லதே. அந்த ஆர்வத்துக்குச் சரியான வேளை, மாத்திரை வேலை செய்வதை நிறுத்தும் வேளை. ஒரு கட்டத்தில் அது நிற்கும். மருந்து அமரும் 797-ஆம் இடத்துச் சிஸ்டீன் வேறோர் அமினோ அமிலமாக மாறிவிட்டால், மருந்து பிடித்துக்கொள்ள இடம் இருக்காது. அல்லது இ.ஜி.எஃப்.ஆர். போலவே சமிக்ஞையைப் பெறும் மெட் என்ற வேறொரு புரதத்தின் மரபணு பல பிரதிகளாகப் பெருகி, அடைத்த வழியைச் சுற்றிக்கொண்டு சமிக்ஞையைக் கடத்தும். சிலருக்கு அடினோகார்சினோமாவே சிற்றணுப் புற்றுநோய் என்ற வேறு வகையாக உருமாறிவிடும். அதற்கான கீமோ முற்றிலும் வேறு. எது நடந்தது என்று தெரியாமல் அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுப்பது, 2003-இல் ஜெஃபிடினிப்பை எல்லாருக்கும் கொடுத்த காலத்துக்கே திரும்பிப் போவதாகும். ஆகவே ஸ்கேனில் நோய் வளர்ந்திருப்பது தெரிந்தால், உடல்நிலை இடம் தரும்வரை, மறுபடி பயாப்ஸி எடுக்கக் கேளுங்கள். அது முடியாதபோது, இரத்தத்தில் கலந்திருக்கும் புற்றணுவின் டி.என்.ஏ.வைத் தேடும் சோதனையைச் செய்யலாம். அதில் பிறழ்வு தெரியாவிட்டால் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, உருமாற்றமும் அதில் தெரியாது. முதல் பயாப்ஸியில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து ஆய்வகம் பாதுகாத்து வைத்திருக்கும். வேறு மருத்துவமனைக்கு மாற நேர்ந்தால் அறிக்கைத் தாளோடு அதையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.

அந்த வேளைக்கென்று வந்துகொண்டிருக்கும் மருந்துகள் பல. இ.ஜி.எஃப்.ஆர்., மெட் இரண்டையும் ஒருசேரப் பிடிக்கும் அமிவாண்டமாப் என்ற எதிர்ப்புரத ஊசி, கீமோவோடு சேர்த்து இப்போது வெளிநாடுகளில் பயன்பாட்டில் உள்ளது. கட்டியின் மேலுள்ள ட்ராப்2 என்ற புரதத்தைத் தேடிப் போய், தன்னோடு கட்டியிழுத்துச் சென்ற கீமோ மருந்தைப் புற்றணுவுக்குள்ளேயே அவிழ்த்துவிடும் டாடோபொடமாப் டெரக்ஸ்டிகான், இதே பிறழ்வு உள்ளவர்களுக்கு 2025-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. சுமார் நாற்பது ஆண்டுகள் மருந்தே செய்ய முடியாது என்று கைவிடப்பட்டிருந்த கே.ராஸ் புரதத்தின் ஒரு வகைப் பிறழ்வுக்கு 2021-இல் மாத்திரை வந்தது. அது உங்கள் தாயாருக்குத் தேவைப்படாது என்றாலும், இந்தத் துறையில் எதையும் முடியாது என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகக் குறிப்பிடுகிறேன். புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் சேர வாய்ப்பு வந்தால், அது சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். பதிவும் இருக்காது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இருக்காது, ஆய்வு மருந்துக்கென்று உங்களிடமே லட்சங்களில் பணமும் கேட்பார்கள் என்றால், அது ஆராய்ச்சியல்ல, வியாபாரம்.

பக்கவிளைவுகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அது உங்கள் தாயாரின் தொழிலைத் தொடும். இ.ஜி.எஃப்.ஆர். புரதம் தோலிலும் நகக்கண்ணிலும் இயல்பாகவே வேலை செய்வதால், மருந்து அங்கேயும் சற்றுப் படியும். முகத்திலும் மார்பிலும் பரு போன்ற தடிப்புகள் வரும், தோல் வறளும், சில வாரங்களில் நகத்தின் ஓரம் சிவந்து வீங்கி, தொட்டாலே வலிக்கும். முறத்தை மடியில் வைத்து, இலையைக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, முனையை விரல்நுனியால் மடித்து அழுத்தும் வேலையில் இந்த வலி மிகவும் கொடுமையாக இருக்கும். வெடிப்பில் புகையிலைத் தூள் பட்டால் எரியும். பீடி சுற்றும் வேலையை இப்போதைக்கு வேறு யாரேனும் பார்த்துக்கொள்ளட்டும். நகத்தை ஒட்ட வெட்டாமல் நேராக வெட்டுவது, பாத்திரம் கழுவும்போது கையுறை போடுவது, காலையும் இரவும் வாசலின் தடவுவது ஆகியவை பெரிதும் உதவும். சீழ் வைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நிறுத்த வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசலைத் தொடங்கிவிட்டு அழைத்துப் பேசுங்கள். திடீரென்று மூச்சுத்திணறலோ, புதிதாக வறட்டு இருமலோ, மயக்கமோ, நெஞ்சுப் படபடப்போ வந்தால் மட்டும் அடுத்த மாத்திரையைப் போடாமல், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நுரையீரல் அழற்சியும் இதயத் துடிப்புக் கோளாறும் இந்த மருந்தால் அரிதாக வரக்கூடியவை. குற்றாலம் பக்கத்திலும் மலைக்கு அப்பாலும் கஷாயம் தருகிறவர்கள் பலர் உண்டு. கொடுப்பவர் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதித் தர மறுத்தால், அதை வாங்க வேண்டாம்.

செலவைப் பற்றி. ஓசிமெர்டினிப்புக்கான சுங்க வரியை 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் நடுவண் அரசு நீக்கியது. அதே ஆண்டில் ஜி.எஸ்.டி.யும் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இருந்தாலும் அது பீடி சுற்றும் குடும்பத்துக்கு எட்டும் விலையில் இல்லை. மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டத்தில் சேர முடியுமா என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். சிகிச்சைக்கு இன்றும் திருவனந்தபுரம்தான் பழக்கம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் குடும்ப அட்டையும் காப்பீட்டு அட்டையும் தமிழ்நாட்டுடையவை. ஆகவே முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எது எங்கே கிடைக்கும் என்று திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் நேரில் விசாரித்துவிடுங்கள். நோயைத் திருவனந்தபுரத்தில் பார்த்துக்கொண்டு மருந்தை இந்தப் பக்கம் பெற வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒருவேளை பணம் தட்டுப்பட்டால், மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்து இழுக்கும் வேலையைச் செய்யாதீர்கள். பலர் வெளியே சொல்லாமல் அப்படித்தான் செய்கிறார்கள். மருத்துவரிடம் நிலைமையைச் சொன்னால், பல நிறுவனங்கள் தயாரிப்பதால் மலிவாகக் கிடைக்கும் ஜெஃபிடினிப்புக்கு மாற்றித் தருவார். முழு அளவில் தினமும் சாப்பிடும் ஜெஃபிடினிப், அரைகுறையாகச் சாப்பிடும் ஓசிமெர்டினிப்பைவிட மேலானது. அப்படி மாறினால், நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கும் அமிலக் குறைப்பு மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. அவை ஜெஃபிடினிப் உடலில் சேர்வதைக் குறைத்துவிடும்.

உங்கள் கடைசிக் கேள்வி. உங்கள் தாயாருக்கு வந்திருக்கும் இந்தப் பிறழ்வு, அவர் பிறந்த பிறகு, நுரையீரலின் ஓர் உயிரணுவில் புதிதாகத் தோன்றியது. அது அவருடைய கருமுட்டையில் இருந்ததில்லை. ஆகவே உங்களுக்கு வந்திருக்காது, உங்கள் மகள்களுக்கும் போயிருக்காது. இதற்காக நீங்களோ மகள்களோ மரபணுச் சோதனை செய்துகொள்ளத் தேவையில்லை. அந்தப் பணத்தை அம்மாவின் மருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பீடித் தூளால்தான் வந்ததா என்றால், ஒரு தனி மனிதருக்கு எதனால் வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. எக்ஸான் 19 டெலிஷன் புகையிலையோடு தொடர்பில்லாதவர்களிடமே அதிகம் காணப்படுகிறது என்பதால், முப்பது வருட உழைப்பைக் குற்றவாளியாக்கி அவர் மனம் நோக இடம் கொடுக்காதீர்கள். ஆனாலும் புகையிலைத் தூள் மூச்சுக்குழாயைக் கெடுக்கும் என்பதும், மூடிய அடுப்படியில் விறகுப் புகை நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பதும் மறுக்க முடியாதவை. மகள்கள் முறத்தைத் தொடும் வீடாக இருந்தால், அது காற்றோட்டமான திண்ணையில் நடக்கட்டும். சமையல் எரிவாயுவில் நடக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், சளிப் பரிசோதனையோடு ஒரு மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துக்கொள்ளுங்கள். காசநோய் மாத்திரையில் இரண்டு மாதத்திலும் இருமல் தணியவில்லை என்றால் சி.டி. ஸ்கேன் கேளுங்கள்.